ஆபரேஷனுக்கு முன்னால் பீடியை விட்ட கதை

ஹெர்னியா, அதாவது குடலிறக்க ஆபரேஷனுக்குத் தேதி வாங்கப் போனேன். மயக்க மருந்து டாக்டர் என்னை இருமச் சொன்னார். “பீடியை விட்டு நாலு வாரமாவது ஆகட்டும், அப்புறம் தேதி பார்ப்போம்” என்று சொல்லிவிட்டார். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். புண் ஆற நாளாகும், சீழ் வைக்கும், ஆபரேஷன் முடிந்து இருமி இருமியே தைத்த இடம் மறுபடி பிதுங்கினாலும் பிதுங்கும் என்றார். ஓபி சீட்டின் ஓரத்தில் ஓர் அறை எண்ணையும் எழுதிக் கொடுத்தார்.

பாளையங்கோட்டையில் நான் போன அந்த ஆஸ்பத்திரியில் திரும்பின பக்கமெல்லாம் ‘புகை பிடிக்காதீர்’ போர்டுதான். இதற்கான சட்டம் 2003-ஆம் வருஷத்தது. பொது இடத்தில் புகைப்பதைக் கறாராகத் தடுக்கும் விதிகள் 2008 அக்டோபர் 2-இல் அமலுக்கு வந்தன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். நடப்பது வேறு. “கேட்டுக்கு அந்தப் பக்கம் போயி குடியும்வே” என்பார் வாட்ச்மேன். எதிர்த்த டீக்கடையில் ஒன்று ஒன்றாகவே விற்பார்கள். போர்டு வீண் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அவ்வளவு தூரம் நடக்க அலுத்துப்போய் பாதியாகக் குறைத்தவர்களை வார்டிலேயே பார்த்தேன். ஆனால் விட நினைக்கிறவன் எந்த ரூமுக்குப் போக வேண்டும் என்று ஒரு போர்டிலாவது எழுதியிருக்க வேண்டாமா? டாக்டர் எழுதித் தராவிட்டால் மாடிப்படிக்குப் பின்னால் அப்படி ஓர் அறை இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

அறையில் இருந்த கவுன்சிலர், அதாவது பீடியை விட வழி சொல்லும் ஆலோசகர், என் மகள் வயசுப் பெண். அறிவுரை எதுவும் சொல்லவில்லை, ஒரு தாளை வைத்துக்கொண்டு ஆறு கேள்வி கேட்டார்.

“காலையில முழிச்சு எவ்வளவு நேரத்துல முத பீடி, அண்ணாச்சி?”

“பல்லு வெளக்குறதுக்கு முன்னாலயே தாயி.”

தடை உள்ள இடத்தில் அடக்க முடிகிறதா, எந்த பீடியை விடுவதுதான் ரொம்பக் கஷ்டம், காய்ச்சலில் படுத்துக் கிடந்தாலும் குடிப்பீர்களா என்று போனது. எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டிப் பார்த்தால் புகையிலையில் இருக்கும் போதைச் சரக்கான நிகோடினுக்கு என் உடம்பு எவ்வளவு பழகிவிட்டது என்று தெரியுமாம். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு மார்க் எடுத்ததில்லை. சிகரெட்டைவிட பீடி சாது என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். பீடி இலையில் காற்று புகாது, அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், அதனால் ஆள் சின்னதாக இருந்தாலும் உள்ளே போகும் புகை குறைச்சல் இல்லை என்றார்.

பீடிக்குப் பதிலாக நிகோடின் சூயிங்கம் கொடுத்தார். அதை மெல்லுகிற விதமே தனி. மிட்டாய் மாதிரி சவைத்தால் சாறெல்லாம் வயிற்றுக்குப் போய் விக்கல்தான் வரும். மெதுவாக மென்று, நாக்கில் மிளகு மாதிரி சுருக்கென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிட வேண்டும். சுருக்கு அடங்கினால் மறுபடி மெல்லலாம். இப்படி அரைமணி நேரம். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்னாலிருந்தே டீ, காபி கூடாது. டீயைப் பாதியாகக் குறைக்கவும் சொன்னார். புகை போகிற உடம்பு காபி, டீயில் இருக்கும் கஃபீனைச் சீக்கிரம் கரைத்துவிடுமாம். புகை நின்றால் அதே டீ உடம்பில் ரொம்ப நேரம் தங்கிப் படபடப்பைத் தரும். அதை நாம் பீடி இல்லாத குறை என்று நினைத்துக்கொள்வோம். எனக்கு இது புதுச் செய்தி.

விடுகிற தேதியை நானே சொல்ல வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை என்றேன். அன்றைக்கு அஷ்டமி என்று வீட்டுக்காரி ஒரு நாள் தள்ளிவைத்தாள்.

அவளே பீடி சுற்றுகிறவள். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் இதில் அதிசயம் எதுவும் இல்லை. மடியில் சுளகு, அதில் வெட்டிய இலை, நடுவில் குவித்த தூள், பக்கத்தில் கத்தரியும் நூலும் என்று வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். கடையில் கழித்துத் தள்ளும் பீடியெல்லாம் என் பைக்குத்தான் வரும். விடச் சொன்ன ஆஸ்பத்திரிக்காரர்கள் இந்த வீட்டுக்கு வழி சொல்ல முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். கவுன்சிலர் அடுத்த தடவை அவளையும் அழைத்து வரச் சொன்னார். பேசினபிறகு அவளே சுளகைத் தூக்கிக்கொண்டு மதினி வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டாள். கூலியை விட முடியாது, இடத்தை மாற்றலாம் இல்லையா?

முதல் வாரம் வீட்டில் எல்லோருக்கும் கஷ்ட காலம். தொட்டதற்கெல்லாம் கோபம், தூக்கமில்லை, இருமல்கூடக் கொஞ்சம் கூடியது. ஆசை வந்தால் சில நிமிஷம்தான் உச்சத்தில் நிற்கும், அதைக் கடத்திவிட்டால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். தண்ணீர் குடித்தேன், தோட்டத்துக்கு நடந்தேன். ராத்திரி ஒரு தடவை முடியாமல் போனபோது 1800-11-2356-க்குக் கூப்பிட நினைத்தேன். புகையை விட நினைக்கிறவர்களுக்காக 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்து வரும் இலவச உதவி எண்தான். நேரம் கடந்திருந்ததால் காலையில்தான் கூப்பிட்டேன், தமிழிலேயே பேசினார்கள்.

தேதி கிடைத்தது, ஆபரேஷனும் முடிந்தது. பக்கத்துக் கட்டிலில் பாப்பாக்குடிக்காரர் ஒருவர். கேட்டுக்கு வெளியே போக முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். மாடிப்படிக்குப் பின்னால் இருக்கும் அறையைச் சொன்னேன். “துட்டு கேப்பாங்களாவே?” என்றார். கேட்க மாட்டார்கள். சூயிங்கம் தீர்ந்துபோன நாளில் மட்டும் வெளியே மருந்துக்கடையில் வாங்க வேண்டியிருக்கும், 2 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டியதில்லை என்றேன்.