அந்த நாலு காசு யாரிடம்?

மாதக் கடைசியில் யாப்பு நடத்தினால் நம் பள்ளித் தமிழையா ஒரு வரியைச் சொல்லாமல் விடமாட்டார்: "வெண்பாவின் கடைசியில் காசு வரும், மாதக் கடைசியில்தான் வராது." நாள், மலர், காசு, பிறப்பு என்னும் ஈற்றுச்சீர் வாய்பாடு இன்றும் எனக்கு மறக்காததற்கு அவருடைய சம்பளத் தேதிதான் காரணம்.

அந்தக் காசு ஆங்கில வகுப்பு வரை போனது. தரங்கம்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்து படித்த நம் நண்பன், மழைக்காலத்தில் அலை ஒதுக்கிய செப்பு நாணயம் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுவந்தான். பத்துப் பைசாவைவிடச் சிறியது. ஒரு பக்கம் கிரீடமும் பின்னிக் கிடந்த எழுத்துகளும். மறுபக்கம் 4 என்ற எண்ணோடு 'கஸ்' என்று ஐரோப்பிய எழுத்தில் ஒரு சொல். தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில், 1620இல் வந்து கோட்டை கட்டி, 1845இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன டேனிஷ்காரர்கள் அடித்த காசு.

"சார், இங்கிலீஷ் கேஷ் நம்மிடமிருந்து போனதுதானே?" என்று வகுப்பே எழுந்து நின்றது. சார் சிரித்துக்கொண்டே தடித்த அகராதியைப் பிரித்தார்.

கடையில் நீட்டுகிற கேஷ் நம்முடையது இல்லையாம். லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. அது இத்தாலியிலும் பிரான்சிலும் பணப்பெட்டியாகி, ஆங்கிலத்துக்கு வந்த பிறகு பெட்டியை விட்டு உள்ளே இருந்த ரொக்கத்தின் மேல் ஏறிக்கொண்டது. மூக்குக் கண்ணாடி வைக்கிற கேஸும் அதே வீட்டுப் பிள்ளைதான். எங்கள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு அடுத்த பதிவைப் படித்தார். அதே எழுத்துகளில் இன்னொரு கேஷ் இருந்தது: சிறு நாணயம், தமிழ்க் காசிலிருந்து வந்தது. போர்த்துக்கீசியர் அதைத் தங்கள் மொழியில் பெட்டிக்கு வழங்கும் 'காய்ஷா' போலவே எழுதிவைக்க, இரண்டும் ஆங்கிலத்தில் ஒட்டிப் பிறந்தவைபோல் ஆகிவிட்டன. அந்நாளைய சென்னைக் கணக்கில் 80 காசு 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் 'வராகன்' என்ற ஒரு பொன் நாணயம். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்பு நாணயத்துக்கும் ஆங்கிலேயர் இந்தப் பெயரைத்தான் வைத்தார்கள்.

தீர்ப்பைத் தமிழையாவிடம் போய்ச் சொன்னோம். அவர் அசரவில்லை. "ராஜராஜன் காலத்தில் பெரிய கோயில் கல்வெட்டிலேயே ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. பெட்டி அவர்களுடையதாகவே இருக்கட்டும். உள்ளே போட்டது யாருடையது என்று உங்கள் சாரைக் கேளுங்கள்" என்றார். கேட்க எங்களுக்குத் துணிவில்லை.

சிங்கப்பூரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை கேஷியர். அந்தச் சொல் வினையாக வந்தால் ஒருவரைப் பதவியிலிருந்து விரட்டுவது என்று பொருள். டச்சு வழியாக வந்த வேறு பிறவி அது. நல்லவேளை, என் முதலாளி அகராதி பார்க்கிறவர் இல்லை. இங்கே தமிழர் வாயில் டாலர் வெள்ளி, சென்ட் காசு. முதல் நாள் ஒரு பாட்டி மீதியை எண்ணிப் பார்த்துவிட்டு, "தம்பி, இருபது காசு குறையுது" என்றபோது, கல்லாவைத் திறந்தபடி ஒரு கணம் வகுப்பறையிலேயே நின்றுவிட்டேன்.

அந்த டேனிஷ் காசு அன்று பெஞ்சு பெஞ்சாகக் கைமாறிக் கடைசி வரிசை வரை போனது. திரும்பி வரவே இல்லை. கடைசி வரிசைக்காரர்களும் நம் பழைய மாணவர் மலரான இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நான் மூன்றாம் பெஞ்சு.