சேதுராமய்யருக்கு முட்டி வலிக்காது

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் ஓர் அக்ஷயா மையத்தில், அதாவது கேரள அரசின் இணையச் சேவை மையத்தில், வேலை செய்கிறேன். வேலையில் பாதி, பிறந்த தேதியைத் தட்டச்சு செய்வது. ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருப்பதைப் பதிவுசெய்யும் மஸ்டரிங் நடக்கும் நாட்களில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். அந்தப் பழக்கமோ என்னவோ, திரையில் எந்த நடிகரைப் பார்த்தாலும் மனம் முதலில் வயதைத்தான் கணக்குப் போடுகிறது. டாம் குரூஸ் பிறந்தது 1962 ஜூலை. 'மிஷன்: இம்பாசிபிள்' முதல் படம் 1996இல் வந்தபோது 33 வயது. எட்டாவது படம் 2025 மே மாதம் வந்தபோது 62. எங்கள் வரிசைக்கு வந்திருந்தால் உட்கார நாற்காலி போட்டிருப்போம். அவரோ இரட்டை இறக்கை விமானத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்.

ஜேம்ஸ் பாண்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1962 முதல் 2021 வரை அந்தத் தொடரில் 25 படங்கள், ஆறு நடிகர்கள். ரோஜர் மூர் 57 வயதில், 1985இல், கடைசியாக ஒரு படம் நடித்துவிட்டு விலகினார், அடுத்தவர் வந்தார். குரூஸ் விஷயம் வேறு. அங்கே விற்பனையாவது கதையல்ல, 'இதை அவரே செய்தார்' என்ற செய்தி. புர்ஜ் கலீஃபாவில் ஏறியாயிற்று, பறக்கும் ராணுவ விமானத்தின் வெளிப்புறம் தொங்கியாயிற்று, நார்வேயில் மலை விளிம்பிலிருந்து மோட்டார் சைக்கிளோடு பாய்ந்தாயிற்று. அடுத்த படம் இதையெல்லாம் மிஞ்ச வேண்டும். ஆனால் உடம்பு வருடத்துக்கு ஒரு வயது கூடிக்கொண்டே போகிறது.

என் தாய்மாமா வண்ணாமடைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கள் இறக்குபவர். அறுபதைத் தாண்டியும் காலையிலும் மாலையிலும் மரம் ஏறுகிறார். 2018இல் வந்த ஆறாவது படத்தை அவரோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். லண்டனில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் காட்சியைப் படமாக்கும்போது குரூஸின் கணுக்கால் சுவரில் மோதி முறிந்துவிட்டது. அப்படியும் மேலே ஏறி, கேமராவைத் தாண்டி நொண்டியபடி ஓடினார். அந்த ஷாட் படத்திலேயே இருக்கிறது. இதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"மாப்பிள்ளை, அந்த இடத்தை மறுபடி போடு."

போட்டேன். டிவிக்கு ஓர் அடி தூரத்தில் போய் நின்று பார்த்தார். "இது நடிப்பில்லை. பையன் நிஜமாகவே அடிபட்டிருக்கிறான். காலை ஊன்றப் பயப்படுகிறான் பார்."

55 வயதில் தாவியவரைப் பையன் என்று சொல்ல மாமாவால்தான் முடியும். பிறகு தன் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஏறுவது பெரிதில்லை, இறங்கும்போதுதான் முட்டி பேசும். சினிமாவில் எல்லோரும் குதிக்கிறார்கள், விழுகிறார்கள். மெல்ல இறங்குகிறவன் ஒருவனும் இல்லை."

ஹாலிவுட் கண்ட இன்னொரு வழி கணினி. 2023இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தின் தொடக்கம் 1944இல் நடக்கிறது. 80 வயது ஹாரிசன் ஃபோர்டுக்கு அதில் இளமை முகத்தைப் பொருத்தியிருந்தார்கள். முகம் பரவாயில்லை, குரல் மட்டும் தாத்தாவுடையது. எனக்கு அந்தக் காட்சி முழுக்கக் கூச்சமாகவே இருந்தது. சில்வெஸ்டர் ஸ்டாலோன் இன்னும் மரியாதையான வழியைப் பிடித்தார்: 2015இல் 'கிரீட்' படத்தில் அதே ராக்கியாக, ஆனால் இளைஞனுக்குக் குத்துச்சண்டை சொல்லித்தரும் நோயாளியாக வந்தார். ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. (மாமாவுக்கு அந்த வழியும் இல்லை. மரமேற்றம் பழக எந்த இளைஞன் வருகிறான்?) நம் ஊரில் கமல்ஹாசன் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தவர். 'இந்தியன்' வந்தபோது அவருக்கு 41 வயது. ஒப்பனை போட்டுக் கிழவரானார். 2024இல் இரண்டாம் பாகம் வந்தபோது நிஜமாகவே 69. அப்போதும் ஒப்பனை தேவைப்பட்டது, ஏனென்றால் சேனாபதி கணக்குப்படி நூறைத் தாண்டியிருந்தார்!

எனக்குப் பிடித்த தொடர் நாயகன் பாலக்காட்டு டிவிகளில் ஓயாமல் வரும் சிபிஐ அதிகாரி சேதுராமய்யர். அய்யர் என்பதால் எங்கள் பக்கத்தில் அவர்மேல் கொஞ்சம் உரிமையும் உண்டு. 1988இல் முதல் படம் வந்தபோது மம்மூட்டிக்கு 36, ஐந்தாவது படம் வந்த 2022இல் 70. ஐந்துக்கும் இயக்கம் கே. மது, எழுத்து எஸ்.என். சுவாமி. நெற்றியில் பொட்டு, பின்னால் கட்டிய கைகள், அவசரமில்லாத நடை, பின்னணியில் ஷ்யாமின் இசை. ஆரம்பத்திலிருந்தே அவர் எங்கும் தாவிக் குதித்ததில்லை, மூளையைத்தான் நம்பியிருந்தார். அதனால் 34 வருடங்கள் கழித்தும் அந்த நடையில் பெரிதாக எதுவும் குறையவில்லை. மத்திய அரசுப் பணியில் 60 வயதில் ஓய்வு என்பதை மட்டும் யாரும் அவரிடம் கேட்கவில்லை. என் போன்ற படிவம் நிரப்பிகளுக்குத்தான் உறுத்தும்.

ஐந்தாவது படம் நன்றாக இல்லை. சிக்கலும் இழுவையுமான கதை. அதற்கு நாயகனின் வயது காரணமில்லை. ஆனால் ஓரிடத்தில் அவருடைய பழைய உதவியாளர் விக்ரமாக ஜகதி ஸ்ரீகுமார் வருகிறார். 2012இல் நடந்த கார் விபத்துக்குப் பிறகு நடிப்பிலிருந்து விலகியிருந்தவர். இளமை முகம் ஒட்டவில்லை, பழைய காட்சியை வெட்டிச் சேர்க்கவில்லை. இன்று எப்படி இருக்கிறாரோ அப்படியே, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வழக்கில் அவருக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறார்கள். எல்லா விமானச் சாகசங்களையும்விட அந்த இடத்தில்தான் எனக்குப் படபடப்பு கூடியது.

ஆறாவது எடுப்பதானால் அய்யரை ஓய்வு பெற்றவராகவே காட்டட்டும். பாலக்காட்டு அக்ரஹாரமான கல்பாத்தியில் ஒரு திண்ணை, கையில் பழைய கோப்பு, தீராத ஒரு கொலை வழக்கு. ஓடுகிற வேலைக்கு யாராவது ஓர் இளம் அதிகாரியைப் போட்டுக்கொள்ளலாம்.