நாலந்தா கெடிகேயும் மாமாவின் மூங்கில் குச்சியும்

மாத்தளையில் தம்புள்ளை பஸ் ஏறினால் ஏ9 வீதியிலேயே நம் இலங்கை நாலந்தா வந்துவிடும். இறங்கி உள்ளே கொஞ்சம் நடக்க வேண்டும். மாமாவையும் இழுத்துக்கொண்டு போனேன். தோட்டத்தில் நாற்பது வருடம் மேசன் வேலை பார்த்தவர். எந்தக் கோயிலுக்குப் போனாலும் கும்பிடுவதற்கு முன் சுவரைத் தட்டிப் பார்ப்பார்.

கெடிகே என்ற அந்தக் கற்கோயில் சின்னக் கட்டடம்தான். கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் கட்டியது என்கிறார்கள். பல்லவர் பாணிக் கற்கோயிலின் உருவம், வழிபாடோ பௌத்தம். மாமல்லபுரம் போனவர்களுக்குச் சட்டென்று ஞாபகம் வரும்.

எனக்குப் பிடித்த சங்கதி வேறு. இப்போது அது நிற்பது கட்டிய இடத்தில் அல்ல. மகாவலி ஆற்றுத் திட்டத்தில் போவதென்ன என்ற நீர்த்தேக்கம் வந்தபோது பழைய இடம் தண்ணீருக்குள் போகவிருந்தது. 1970களில் கல் கல்லாகப் பிரித்து, உயர்த்திய மேட்டில் மறுபடி அடுக்கி 1980இல் முடித்தார்கள்.

"நாம கட்டுன சுவர இப்படிப் பிரிச்சா தூளுதான் மாப்ள மிஞ்சும்" என்றார் மாமா. சாந்து பிடித்துக்கொண்டு நிற்கும் கட்டடம் இல்லை இது. கல்லின் பாரமே கல்லை இருத்துகிறது. அமுக்கினால் கல் எவ்வளவும் தாங்கும், வளைத்தால் உடைந்துவிடும். அதனால்தான் உத்தரங்கள் குட்டையாக, சுவர் தடிப்பாக, மேலே போகப் போகக் குறுகலாக இருக்கின்றன. கண்ணுக்கு அழகு என்று நாம் நினைப்பதில் பாதி, பாரத்துக்குச் சொன்ன பதில்.

"சரி, திசையை எப்படிப் பிடிச்சாங்க?" என்று கேட்டேன். அதற்குச் சங்கு நாட்டுவது என்று பெயர், பழைய சிற்ப நூல்களில் உள்ள முறை. சங்கு என்றால் இங்கே நிழல் பார்க்க நடும் குச்சி. அன்று சொல்லிக் கொடுத்துவிட்டு, மறுநாள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, முன்னால் இருந்த திடலில் மாமா செய்தும் காட்டினார். தரையை மட்டம் பார்த்து, தூக்குக்குண்டு பிடித்து ஒரு மூங்கில் குச்சியை நிமிர நட்டார். அதை நடுவாக வைத்துக் கயிற்றால் வட்டம் போட்டார். காலையில் மேற்கே நீண்டிருக்கும் நிழல் குறைந்துகொண்டே வந்து, அதன் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு அடையாளம். பின்னேரம் மறுபடி நீண்டு கிழக்குப் பக்கம் வட்டத்தைத் தாண்டும் இடத்தில் இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு.

எங்கள் ஊர் வானம் ஒத்துழைத்தால்தானே! முதல் நாள் இரண்டு மணிக்கே மூடுபனி இறங்கி நிழலைத் துடைத்துவிட்டது. இரண்டாம் நாள் அடையாளம் இரண்டும் கிடைத்தன. கோட்டின் மேல் போனின் திசைகாட்டியை வைத்தேன், கொஞ்சம் விலகிக் காட்டியது. காந்தம் காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றல்ல என்று பள்ளியில் படித்தது அப்போதுதான் உறைத்தது. நிழலுக்கும் ஒரு குறை உண்டு: காலைக்கும் பின்னேரத்துக்கும் இடையில் சூரியனின் பாதை துளி நகரும். அது மார்ச், செப்டம்பரில்தான் அதிகம். ஜூன், டிசம்பரில் இல்லை என்றே சொல்லலாம்.

மூன்றாம் நாளும் பார்த்து உறுதி செய்யலாம் என்று குச்சியை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். காலையில் போனால், பக்கத்தில் இன்னும் இரண்டு குச்சி நட்டு, பொடியன்மார் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.