கோயில் பீரோவுக்கு நாலு நடை

பட்டா விவகாரத்துக்குப் பாட்டியின் ஞானஸ்நானப் பதிவு நகல் வேண்டும் என்றார் வக்கீல். சாயல்குடிப் பக்கம் பாட்டியின் ஊர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலுக்குப் போனால் ஒரு மணி நேர வேலை என்று கிளம்பினேன். நாலு நடை ஆனது.

முதல் நடை சுத்த வீண். பீரோச் சாவி பொருளாளரிடம். பொருளாளர் சென்னையில் மகள் வீட்டில். இரண்டாம் நடையில் பீரோ திறந்தது, பழைய பதிவேடு இல்லை. சேகரம் (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த பிரிவு) பிரிந்தபோது தாய்ச்சபைக்கு, அதாவது பழைய தலைமைக் கோயிலுக்குப் போய்விட்டதாம். "போன்லயே சொல்லியிருக்கலாமே" என்றால், "நீங்க கேக்கலையே தம்பி" என்கிறார் எழுத்தர். எந்த வருசத்துப் பதிவேடு எங்கே இருக்கிறது, சாவி யார் கையில் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தாய்ச்சபை எழுத்தர் இன்னும் மேல். "சி.எஸ்.ஐ. ஆனதே 1947-லதான், அதுக்கு முந்தினது எங்ககிட்ட ஏது?" என்று கையை விரித்தார். அவர் முதுகுக்குப் பின்னாலேயே, அட்டையில் எஸ்.பி.ஜி. மிஷன் (சி.எஸ்.ஐ.க்கு முன்பு இங்கே சபை நடத்திய ஆங்கிலேய மிஷன்) என்று எழுதிய நோட்டுகள் அடுக்கியிருந்தன! நல்லவேளை, ஆயர் ஐயா வந்து "உக்காந்து நீங்களே பாருங்க" என்றார்.

அம்மாவைக் கூட்டிப் போனது புண்ணியம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தும்பிக்கை வைத்த லை, னை எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்குக் கண்ணைக் கட்டியது. உப்புக் காற்றில் தாள் அப்பளமாக நொறுங்கியது, ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள்.

பாட்டி பிறந்த வருசத்தில் பாட்டி இல்லை. வீட்டுப் பெயர், ஞானஸ்நானப் பெயர் இரண்டையும் தேடியாயிற்று. சலிப்பில் கமிட்டி நோட்டைப் பிரித்தேன், மதியச் சாப்பாடே மறந்துபோனது. பதநீர்க் காலத்தில் பனையேறிகள் வருவதில்லை என்று ஆராதனை நேரத்தை நடுப்பகலுக்கு மாற்றியிருக்கிறார்கள். அறுப்பின் பண்டிகைக் கணக்கில் காசைவிடக் கருப்பட்டிச் சிப்பம் அதிகம். வீடுகளில் காணிக்கையாக எடுத்து வைத்த கைப்பிடி அரிசியை ஏலம் விட்டதில் ஒரு சண்டை. குலசாமி கோயிலில் பிள்ளைக்குக் காது குத்தியவருக்கு மூன்று மாதம் இராப்போஜனம் (கோயிலில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து) கிடையாது. (அந்த மனுசன் என்னுடைய ஆள் இல்லை. இருந்திருந்தாலும் சந்தோசம்தான்.)

கூடவே, பெயர்களுக்குப் பக்கத்தில் "கண்டிக்குப் போனார்", "கண்டிக்குப் போனார்" என்று பென்சில் குறிப்பு. 1914-ல் பாம்பன் ரயில் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபிறகு, மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூட்டம் கொஞ்சமா? அந்தக் குறிப்பு ஒன்றில் அம்மாவின் விரல் நின்றது. பூட்டனார் பெயர், குடும்பத்தோடு.

அப்படியானால் திரும்பி வந்த பிறகுதானே ஞானஸ்நானம்! நாலு வருசம் தள்ளிப் பார்த்தோம். இருந்தார் பாட்டி. பிறந்த தேதி தனிக் கட்டத்தில், தகப்பன் தொழில் பனையேற்று. பிறந்த வருசத்தோடு தேடலை நிறுத்துகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

நகல் கட்டணம் கட்டி, தட்டச்சு செய்து, முத்திரை குத்தி வாங்கி வந்தோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அம்மா பார்த்தார், பூட்டனார் பெயரில் ஒரு எழுத்தைக் காணோம். நாலாவது நடை அதற்குத்தான். ரசீதில் மட்டும் ஒரு பிழை இல்லை.