மின்மாற்றி இல்லாத ஐந்து நிலை இன்வெர்ட்டர்: வடிவமைத்த அனுபவம்

முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வுப் பணியாக, கூரைச் சூரியத் தகடுகளை 230 வோல்ட் மின்கட்டமைப்புடன் இணைக்கும் 1 கிலோவாட் இன்வெர்ட்டரை (நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக மாற்றும் கருவி) மின்மாற்றி இல்லாமல் வடிவமைத்தேன். மின்மாற்றியை நீக்கினால் எடையும் விலையும் இழப்பும் குறையும். ஆனால் தகட்டுக்கும் மின்கட்டமைப்புக்கும் இடையில் இருந்த மின்காப்பும் அத்துடன் போய்விடும். தகட்டின் செல்களுக்கும் நிலத்தொடர்பு கொண்ட அலுமினியச் சட்டத்துக்கும் இடையே கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 50 முதல் 150 நானோஃபாரட் வரையிலான மின்தேக்குத்திறன் இயல்பாகவே இருக்கிறது. தகட்டின் முனைகள் நிலத்தைச் சார்ந்து வேகமாக ஏறி இறங்கினால் அதன் வழியே கசிவு மின்னோட்டம் பாயும். ஜெர்மனியின் விடிஇ 0126-1-1 தரநிலைப்படி, கசிவு 300 மில்லிஆம்பியரைத் தாண்டினால் இன்வெர்ட்டர் 0.3 நொடிக்குள் துண்டித்துக்கொள்ள வேண்டும்.

ஹெச்5, ஹெரிக் போன்ற மின்மாற்றியில்லா இன்வெர்ட்டர் சுற்றுகள் இந்தக் கசிவை நன்றாகவே கட்டுப்படுத்துகின்றன. ஆனால் அவை மூன்று நிலை அலைவடிவத்தையே, அதாவது மூன்று மின்னழுத்தப் படிகளால் ஆன அலையையே, தருகின்றன. அரைப்பாலமாக அமைந்த என்பிசி என்ற இன்னொரு வகைச் சுற்றுக்கோ 650 வோல்ட்டுக்கும் மேற்பட்ட நேர்மின்னழுத்தம் (டிசி) தேவை. ஆகவே, தகட்டின் முனைகள் நிலத்தைச் சார்ந்து ஏறி இறங்காதபடி அதன் எதிர்முனையை நியூட்ரலோடு நேரடியாகப் பிணைத்து, 200 வோல்ட் உள்ளீட்டை மின்தேக்கிகளால் இரட்டிப்பாக்கி ஐந்து நிலைகளை உருவாக்கும் சுற்றைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு படியும் 400 வோல்ட்டுக்குப் பதில் 200 வோல்ட்டாக இருப்பதால், அதே ஸ்விட்சிங் அதிர்வெண்ணில் வடிகட்டியின் இண்டக்டர் (கம்பிச்சுருள்) பாதியளவு இருந்தாலே போதும்.

உண்மையான வேலை மின்தேக்கியில்தான் இருந்தது. இந்தச் சுற்றில் எதிர் அரைச்சுற்றுக்கான ஆற்றல் முழுவதும் 400 வோல்ட்டுக்கு ஏற்றப்பட்ட மின்தேக்கியிலிருந்தே வருகிறது. 1 கிலோவாட்டில், 10 மில்லிநொடிக்கு, அது 10 ஜூல். மின்னழுத்தம் 380 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாதென்றால் ஏறத்தாழ 1,300 மைக்ரோஃபாரட் வேண்டும். இறங்கிய அந்த 20 வோல்ட்டை மீட்க, அரைச்சுற்று முழுவதும் பரப்பிக் கொடுத்தால் சராசரியாக 2.6 ஆம்பியர் போதும். ஸ்விட்சை நேரடியாக மூடினாலோ, 0.1 ஓம் பாதையில் முதல் கணமே 200 ஆம்பியர் பாயும். தடை குறைந்த சிலிக்கன் கார்பைடு மாஸ்ஃபெட் என்ற குறைக்கடத்தி ஸ்விட்சை வாங்கிப் போட்டாலும் இழப்பு குறையாது. மின்தேக்கியை இப்படித் திடீரென ஏற்றும்போது வீணாகும் ஆற்றல், தேக்குத்திறனையும் மின்னழுத்த வேறுபாட்டின் இருமடியையும் மட்டுமே பொறுத்தது, பாதையின் தடையைப் பொறுத்ததல்ல. கணக்கிட்டால் 13 வாட், அதாவது 1.3 விழுக்காடு, வெப்பமாகப் போகிறது. விலையுயர்ந்த ஸ்விட்சுகளில் கவனம் செலுத்தும் பலர் இந்தக் கணக்கைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஏற்றும் பாதையில் சிறு இண்டக்டரையும் அதற்கு ஒரு டையோடையும் சேர்த்து, ஏற்றத்தைத் துடிப்பு துடிப்பாகப் பிரித்த பின்னரே ஹீட்சிங்கின் சூடு தணிந்தது. பாதிச் சுமையில் மின்னழுத்தச் சரிவும் பாதியாவதால் இவ்விழப்பு கால்பங்காகிவிடும். பல சுமைகளில் உள்ள செயல்திறன்களை எடையிட்டுச் சராசரி எடுக்கும் ஐரோப்பியச் செயல்திறன் கணக்கில் பாதிச் சுமைக்கே 0.48 என்ற மிகப்பெரிய எடை தரப்படுவதால், இது நமக்குச் சாதகமானது.

கசிவைச் சோதிக்க, தகட்டின் இடத்தில் மின்காப்புள்ள பவர் சப்ளையை வைத்து, அதன் இரு முனைகளிலிருந்தும் நிலத்துக்கு 100 நானோஃபாரட் ஃபிலிம் மின்தேக்கிகளை இணைத்தேன். ஃபேஸ், நியூட்ரல் கம்பிகள் இரண்டையும் சேர்த்தே கரன்ட் கிளாம்புக்குள் நுழைத்தால் சுமை மின்னோட்டம் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, திரையில் கசிவு மட்டும் தெரியும். எதிர்பார்த்தபடியே, 50 ஹெர்ட்ஸில் சிறு நெளிவைத் தவிர வேறெதுவும் இல்லை.

மிகவும் பிடிவாதம் பிடித்தது வெளியீட்டில் கலந்த நேர்மின்னோட்டம் (டிசி). நேர் அரைச்சுற்றுக்குத் தகடும் எதிர் அரைச்சுற்றுக்குச் சரியும் மின்தேக்கியும் ஊட்டுவதால் இரு பாதிகளும் சமமாக அமைவதில்லை, அதைத் தடுக்க மின்மாற்றியும் இல்லை. இந்தியாவின் மத்திய மின்சார ஆணைய விதிகள் அனுமதிப்பது முழுச்சுமை மின்னோட்டத்தில் 0.5 விழுக்காடு; இங்கே அது வெறும் 22 மில்லிஆம்பியர். சூடேறும்போது, மின்னோட்டத்தை அளக்கும் ஹால் சென்சாரின் பூச்சியமே அந்த அளவுக்கு நகர்ந்துவிடும். ஆகையால் சென்சாரை நம்பாமல், வெளியீட்டு மின்னழுத்தத்தின் சராசரியை ஒரு ஆர்சி (மின்தடை-மின்தேக்கி) வடிகட்டியால் பிரித்தெடுத்து, மெதுவாக இயங்கும் தனித் திருத்த வளையத்துக்குக் கொடுத்தேன். மின்கட்டமைப்போடு இணைக்கும் ரிலே மூடுவதற்கு முன்பு ஒவ்வொரு முறையும் சென்சாரின் பூச்சியத்தைப் புதிதாகப் பதிந்துகொள்ளும் வரிகளையும் நிரலில் சேர்த்த பிறகுதான் அளவு வரம்புக்குள் நின்றது.