பிலடெல்பியா ஃபெடரல் கோர்ட்டில் ஜூரியாக நான்கு நாள்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்த மறு வருஷமே ஜூரி சம்மன், அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார அழைப்பு, தபாலில் வந்துவிட்டது. அனுப்பியது உள்ளூர் கவுன்ட்டி கோர்ட் இல்லை, மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட். போதைக் கடத்தல், பேங்க் கொள்ளை என்று ஏதாவது பெரிய வழக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் மார்க்கெட் ஸ்ட்ரீட் 601-க்குப் போனேன்.

வந்தது ஒரு லாரி விபத்து. காயம்பட்டவர் நியூ ஜெர்சிக்காரர், லாரி கம்பெனி ஒஹாயோவைச் சேர்ந்தது. இது ஏன் இங்கே என்பதை நீதிபதி முதலிலேயே விளக்கினார். விவாகரத்து, திருட்டு, உயில் தகராறு, பெரும்பாலான கொலை வழக்குகள் எல்லாம் மாநில நீதிமன்றங்களுக்குத்தான் போகும். ஃபெடரல் சட்டம் சம்பந்தப்பட்டது, அமெரிக்க அரசே ஒரு தரப்பாக இருப்பது, திவால், காப்புரிமை போன்றவை இங்கே வரும். அதோடு, இரு தரப்பும் வெவ்வேறு மாநிலத்தவராக இருந்து, தொகை 75,000 டாலரைத் தாண்டினாலும் வரலாம். உள்ளூர் கோர்ட் உள்ளூர்க்காரர் பக்கம் சாய்ந்துவிடுமோ என்ற பழைய பயம்தான் காரணமாம். ஆனால் விபத்து நடந்தது பென்சில்வேனியாவில் என்பதால், பார்க்க வேண்டியது பென்சில்வேனியா சட்டம்.

வக்கீல்கள் கேள்வி கேட்டுச் சிலரைக் கழித்தபின் எட்டுப் பேர் மிஞ்சினோம். சிவில் வழக்கில் ஆறு பேர் இருந்தாலே போதும். கிரிமினல் என்றால் பன்னிரண்டு. தினப்படி 50 டாலர். ஜூரிக்குப் போனதற்காக வேலையை விட்டு எடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை, அந்தப் பயம் வேண்டாம்.

மூன்று நாள் சாட்சியம். காயம்பட்டவர் சத்தியம் செய்ய வலது கையைத் தூக்கினார். தோளுக்கு மேல் போகவில்லை, இடது கையால் தாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் நான் குறிப்பு எடுக்கும்போதெல்லாம் அந்தக் கைதான் கண்முன் நின்றது. பரிதாபப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்று நீதிபதி சொன்னது எனக்கே சொன்ன மாதிரி இருந்தது.

நான்காம் நாள் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். யார் மேல் எத்தனை சதவீதம் தப்பு என்று எழுத வேண்டும். காயம்பட்டவர் பங்கு 50-ஐத் தாண்டினால் அவருக்கு ஒரு டாலர்கூடக் கிடையாது. எட்டுப் பேரும் ஒத்துப்போக வேண்டும். காயம்பட்டவர் இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறியதை எங்களில் ஒரு பாட்டி விடவே இல்லை; பாட்டி பேச்சில் நியாயமும் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு லாரி கம்பெனி மேல் 70, காயம்பட்டவர் மேல் 30 என்று எழுதினோம்.

தாளைப் படித்து முடித்ததும், இதுதான் உங்கள் தீர்ப்பா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். ஐந்தாவதாக நான். “ஆமாம்” என்றேன்.