உறைந்துபோகும் உடம்புக்குத் தற்காப்பு

கராத்தே வகுப்பில் ஒரு பிடியைச் செய்துகாட்டுவதற்காக, மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து மாணவியின் மணிக்கட்டைப் பிடிக்கிறார். போன வாரம் இதே பிடியை நாலு தடவை சரியாக உதறியவர்தான் அந்த மாணவி. இன்று கை அசையவில்லை. பார்வை எதிர்ச் சுவரில் குத்திட்டு நிற்கிறது. மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிட்டது, உள்ளங்கை ஜில்லிட்டுப்போயிற்று. "என்னம்மா, மறந்துட்டியா?" என்கிறார் மாஸ்டர்.

மறக்கவில்லை. ஓடவும் வழியில்லை, எதிர்க்கவும் முடியாது என்று மூளை ஒரு நொடியில் கணக்குப் போட்டு, உடம்பைப் பூட்டிவிட்டது. கண் இமைப்பது போல இதுவும் தானாக நடப்பதுதான். ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பிறகு அவசரச் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் விசாரித்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. தாக்குதலின்போது உடம்பு கணிசமாக உறைந்துபோனதாக 70% பேர் சொன்னார்கள், 48% பேருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது. "ஏன் கத்தலை, ஏன் தள்ளிவிடலை?" என்று கேட்கும் உறவினர்களும் போலீஸாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டவர் தன்னைத்தானே அப்படிக் கேட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் நோகிறார், அதுதான் இன்னும் கொடுமை.

இப்படி ஒரு தடவை பூட்டிக்கொண்ட உடம்போடு தற்காப்பு கற்க வருபவருக்கு எத்தனை உத்தி தெரிகிறது என்பது இரண்டாம்பட்சம். "நான் நிறுத்தச் சொன்னால் இது நிற்கும்" என்பதை உடம்பு திரும்பத் திரும்பக் கண்டுகொள்ள வேண்டும். அன்று நடக்காமல் போனது அதுதானே. அந்த உறுதியைத் தராத வகுப்பு, எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும், பழைய காயத்தைக் கிளறிவிட்டு அனுப்பிவிடும்.

சரியாகக் கற்றால் பலன் உண்டு. கலிஃபோர்னியாவில் 1970களில் தொடங்கிய ஒரு முறையில், தலை முதல் கால்வரை பஞ்சுக் கவசம் போட்ட பயிற்சியாளரை மாணவிகள் முழு வேகத்தில் அடித்துப் பழகுவார்கள். அதில் சேர்ந்த 43 பெண்களைப் பற்றி உளவியலாளர்கள் ஓசரும் பந்துராவும் 1990இல் எழுதினார்கள். "என்னால் சமாளிக்க முடியும்" என்ற நம்பிக்கை கூடியது, பயந்து பயந்து தவிர்த்த இடங்களுக்குப் போவதும் கூடியது. கனடாவில் 893 மாணவிகளைக் கொண்டு நடந்து 2015இல் வெளியான ஆய்வில், 12 மணி நேரப் பயிற்சி பெற்றவர்களில் ஒரு வருஷத்துக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் 5.2%, வெறும் துண்டறிக்கை மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் 9.8%. அந்தப் பயிற்சியின் நாலு பகுதிகளில் கை காலைப் பயன்படுத்துவது ஒரு பகுதிதான். மீதியில் பெரும்பகுதி ஆபத்தை அடையாளம் காண்பதும், தெரிந்த ஆளிடம் "வேண்டாம்" என்று சொல்லத் தடையாக இருக்கும் கூச்சத்தைக் கடப்பதும்.

சேருவதற்கு முன் மாஸ்டரிடம் போனில் பேசுங்கள். கதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. "திடீர்னு பின்னாலேர்ந்து தொட்டா எனக்குப் பதற்றம் வரும். முன்னால வந்து, சொல்லிட்டுப் பிடிக்க முடியுமா, மாஸ்டர்?" என்ற ஒரு கேள்வி போதும். "தாராளமா, யாரோட ஜோடி சேர்றதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று பதில் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. "பயம் போகணும்னா நாலு அடி வாங்கணும்மா" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுங்கள். இன்னும் மூன்று கேளுங்கள்: முதல் வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா? நடுவில் எழுந்து வெளியே போனால் காரணம் கேட்பீர்களா? 'போதும்' என்று கையால் தட்டினால் அந்த நொடியே பிடியை விடுவது எல்லாருக்கும் பொதுவான விதியா? கடைசிக் கேள்விக்குத் தயங்குகிற இடத்துக்குப் போகவே வேண்டாம்.

யாரும் தொடுவதையே தாங்க முடியாதவர்கள் சிலம்பத்தில் ஆரம்பிக்கலாம். கம்பு நெற்றி உயரம் இருக்கும், அதன் வீச்சுக்குள் யாரும் வரமாட்டார்கள். காலடி வரிசையைத் தனியாகவே மாதக்கணக்கில் பழகலாம். தெருவில் கம்பு கையில் இருக்கப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பாதம் தரையில் ஊன்றி நிற்பதும், திரும்பும்போது மூச்சு விடுவதும், தன்னைச் சுற்றி ஒரு வட்டம் தனக்கே சொந்தம் என்ற உணர்வும் வந்துவிடும். அதற்குப் பிறகு ஜோடிப் பயிற்சிக்குப் போவது எளிது.

பயிற்சியின் அளவைத் தீர்மானிக்க ஓர் எண் வைத்துக்கொள்ளுங்கள். 0 என்றால் நிம்மதி, 10 என்றால் தாங்கவே முடியாத பதற்றம். 3லிருந்து 5 வரை இருக்கும்போது உடம்பு கற்றுக்கொள்ளும். 6க்கு வந்தால் பயிற்சியை ஒரு படி எளிதாக்க வேண்டும். 7 ஆனால் நிறுத்தி, சுவரில் முதுகைச் சாய்த்து, நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். விடும் மூச்சு நீளமாக இருந்தால்தான் இதயத் துடிப்பு இறங்கும். இழுத்து இழுத்து விட்டால் தலைசுற்றல்தான் மிஞ்சும். கண் மங்குவது, சத்தம் தூரத்திலிருந்து கேட்பது, "நான் இங்கே இல்லை" என்பது போன்ற உணர்வு, இவை வந்தால் எண் எதுவானாலும் அன்றைக்குப் போதும்.

இன்னொன்றும் உண்டு. பத்து நிமிஷம் குதித்தால் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், மூச்சு வாங்கும். பதற்றம் தாக்கும்போது வருவதும் இதே அறிகுறிகள்தான். அதனால் வார்ம்-அப்பிலேயே பயந்துபோய் முதல் நாளோடு நின்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர். வகுப்பில் சேருவதற்கு இரண்டு வாரம் முன்பே, வீட்டில் ஒரு நிமிஷம் நின்ற இடத்தில் ஓடி, துடிப்பு தானாக அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருங்கள். படபடப்பு வந்தால் போகவும் போகும் என்று உடம்புக்குத் தெரியட்டும். இதய நோயோ மூச்சிரைப்போ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். படபடப்பைக் குறைக்கத் தரும் புரோப்ரனலால் மாத்திரை எடுத்துக்கொண்டால் துடிப்பு வழக்கம்போல ஏறாது, சீக்கிரம் களைக்கலாம். தூக்க மாத்திரை வகைகள் அனிச்சைச் செயலை மந்தப்படுத்தும். இதை மாஸ்டரிடம் சொல்லிவைப்பது நல்லது.

மணிக்கட்டுப் பிடியை உதறுவதையே எடுத்துக்கொள்வோம். பிடித்திருக்கும் கையில் நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். பலவீனமான இடம் கட்டைவிரல் நுனியும் மற்ற விரல்களும் சந்திக்கிற இடைவெளி. உங்கள் மணிக்கட்டின் அகலப் பக்கம் அந்த இடைவெளியில் இருந்தால் வெளியே வராது. சாவியைத் திருப்புவது போல முன்கையைத் திருப்பி மெல்லிய விளிம்பை அங்கே கொண்டுவர வேண்டும். பிறகு ஒரு காலை அவர் பக்கமாக எடுத்து வைத்து, உங்கள் முழங்கையை அவருடைய முழங்கையை நோக்கி மடக்கினால் கை தெறித்து வெளியே வரும். எல்லாரும் செய்யும் தவறு, பின்னால் சாய்ந்து இழுப்பது. இழுத்தால் எடை அதிகமுள்ளவர் ஜெயிப்பார். கிட்டே போய் மடக்கினால் உங்கள் முழு உடம்பும் அவருடைய ஒரு கட்டைவிரலோடு மோதுகிறது.

மற்றவர்களுக்கு இதைப் பத்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். உறைந்துபோகிறவருக்கு நாலைந்து வாரம் எடுக்கும், எடுக்கட்டும். முதல் வாரம் உங்கள் இடது மணிக்கட்டை உங்கள் வலது கையாலேயே பிடித்து, திருப்புவதை மட்டும் பழகுங்கள். அடுத்து, நம்பிக்கையான தோழியோ அக்காவோ எதிரே நின்று, "பிடிக்கட்டுமா?" என்று கேட்டு, நீங்கள் "ம்" என்ற பிறகு லேசாகப் பிடிக்க வேண்டும். அப்போது உதறக்கூடாது. "விடு" என்று சொல்ல வேண்டும், அவர் உடனே விட வேண்டும். பத்துத் தடவை. பயனில்லாத விளையாட்டு போலத் தோன்றும், ஆனால் பயிற்சியின் வேரே இதுதான். எண் 3க்குக் கீழே வந்த பிறகு உதறுவது, பிறகு பிடியை இறுக்குவது, பிறகு பக்கவாட்டிலிருந்து, கடைசியாகத்தான் பின்னாலிருந்து. சொல்லாமல் பிடிப்பது எப்போது என்பதை நீங்களே தேதி குறித்துச் சொல்லுங்கள். வேறு யாரும் தீர்மானிக்கக் கூடாது.

குரலுக்கும் இதே அளவு நேரம் கொடுங்கள். பயத்தில் முதலில் அடைபடுவது மூச்சு, அதோடு சேர்ந்து தொண்டை. கத்தினால் மூச்சு வெளியே போயே ஆக வேண்டும், அப்போது பூட்டும் தளர்கிறது. "காப்பாத்துங்க" என்பதைவிட "தள்ளிப் போ!", "கையை எடு!" போன்ற குட்டையான கட்டளைகள் நல்லது. வீட்டில் தலையணையில் முகம் புதைத்து, அடிவயிற்றிலிருந்து ஐந்து தடவை சொல்லிப் பழகலாம். நிற்கும் விதமும் சேரட்டும்: கால்கள் தோள் அகலம், ஒரு கால் சற்றுப் பின்னே, முழங்கால் இளகியிருக்க, இரண்டு உள்ளங்கையும் எதிரே பார்த்தபடி மார்பு உயரத்தில். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சண்டை வேண்டாம் என்பது போல இருக்கும், கை மட்டும் தயாராக இருக்கும்.

தெரியாத ஆளிடம் கத்துவது எளிது. நம் நாட்டில் பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்படுபவர் தெரிந்தவர் என்றுதான் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் வருஷாவருஷம் காட்டுகின்றன. ஆகவே "மாமா, தோள்ல கை வைக்காதீங்க", "சார், கதவு திறந்தே இருக்கட்டும்" போன்ற வாக்கியங்களைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். காரணம் சொல்லாமல், சிரிக்காமல், ஒரே தடவை. மரியாதை விகுதி இருக்கலாம், மன்னிப்புத் தொனி இருக்கக் கூடாது.

அடிப்பது என்று வந்தால் முஷ்டி வேண்டாம். பழகாதவர் தாடையில் குத்தினால் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு உடைவது சகஜம். விரல்களைப் பின்னுக்கு வளைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கையோ மோவாயையோ கீழிருந்து மேலாக அடிப்பது பாதுகாப்பானது. தலைமுடியைப் பிடித்து இழுத்தால், அந்தக் கையையே உங்கள் இரண்டு கைகளாலும் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு அவர் பக்கமாக நகருங்கள். வலி பாதியாகும், கால் சுதந்திரமாக இருக்கும். கழுத்தை நெரித்துப் பழகும் பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள், செய்யாமலேயே விட்டாலும் குறையில்லை. நிஜமாகவே யாராவது உங்கள் கழுத்தை நெரித்திருந்தால், வெளியே தடம் தெரியாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே ரத்தக்குழாய் சேதமாகியிருக்கலாம்.

விழிப்பாக இருப்பதையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். மனக்காயம் உள்ளவர் ஏற்கெனவே அளவுக்கு மீறி விழிப்பாக இருப்பவர். அவரிடம் போய் "எப்பவும் உஷாரா இரும்மா" என்பது எரியும் அடுப்பில் எண்ணெய் விடுவது. பஸ்ஸிலோ கடையிலோ நுழைந்ததும் பத்து நொடி: வெளியே போகும் வழி எது, உதவிக்கு யார் இருக்கிறார், வெளிச்சம் எங்கே. அவ்வளவுதான். பிறகு கண்ணை வேண்டுமென்றே புத்தகத்துக்கோ ஜன்னலுக்கோ திருப்புங்கள், இடம் மாறும்போது மறுபடி பார்த்தால் போதும். ஐந்து நிமிஷத்துக்கொரு தடவை திரும்பிப் பார்ப்பது பாதுகாப்பைக் கூட்டாது. "பார்த்ததால்தான் தப்பித்தேன்" என்று மூளை தப்பாகப் படித்துக்கொள்ளும், பதற்றம் குறையவே குறையாது. மிளகு ஸ்பிரேயும் அப்படித்தான். பையின் வெளிப் பாக்கெட்டில், காலாவதித் தேதி பார்த்து, காற்றின் திசை கவனித்து அடிக்கத் தெரிந்து வைத்திருந்தால் கருவி. வீட்டுக்குள்ளும் கையைவிட்டு எடுக்க முடியவில்லை என்றால் அதுவும் பதற்றத்தின் ஒரு கை.

போனில் 112 அவசர அழைப்பு எப்படிப் போகிறது என்று அமைப்புகளில் பார்த்து வையுங்கள், தமிழ்நாட்டில் இருந்தால் 'காவல் உதவி' செயலியும் இருக்கட்டும். சட்டம் உங்கள் பக்கம்: 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது அதில் உள்ள எல்லை. அவர் விட்டதும் அடியை நிறுத்தி ஓடிவிட வேண்டும்.

அடிக்கிறவரோடு ஒரே வீட்டில் இப்போது வாழ்கிறீர்கள் என்றால் இந்தப் பயிற்சி முதல் படி கிடையாது. திருப்பி அடிப்பது அங்கே வன்முறையைக் கூட்டிவிடலாம். முதலில் பெண்கள் உதவி எண்ணான 181க்குப் பேசி, ஆதார், வங்கிப் புத்தகம், மாத்திரை, மாற்றுச் சாவி எல்லாம் ஒரு பையில் கட்டி வேறொரு வீட்டில் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். சண்டை மூளும்போது சமையலறைப் பக்கம் ஒதுங்காதீர்கள், அங்கே கத்தி இருக்கும். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம், அடிக்கடி நினைவு தப்புவது, பல நாளாகத் தூக்கமே இல்லாதது, இவை இருந்தாலும் சிகிச்சை முதலில் வரட்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். ஏற்கெனவே மனநல ஆலோசகரைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவரையும் வைத்துப் பயிற்சியின் படிகளைப் போடுங்கள்.

வகுப்பு முடிந்த ராத்திரி கவனமாக இருக்க வேண்டும். வகுப்பில் தைரியமாக இருந்தவருக்கு நாலைந்து மணி நேரம் கழித்துக் கை நடுங்கலாம், அழுகை வரலாம், கெட்ட கனவு வரலாம். அதனால் மாலை 6 மணிக்குப் பிந்திய வகுப்பைவிட காலை வகுப்பு நல்லது. முடிந்ததும் வயிறு நிறையச் சாப்பிடுங்கள், வெந்நீரில் குளியுங்கள், அன்றைக்கு வேறு பெரிய வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் காலை ஒரு நோட்டில் மூன்றே எண்: வகுப்பில் பதற்றம் எவ்வளவு ஏறியது, படுக்கும்போது எவ்வளவு, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். மூன்று வாரமாக இரண்டாவது எண் இறங்காமல் நின்றால், அடுத்த வகுப்பில் மாஸ்டரிடம் சொல்லி ஒரு படி கீழே வாருங்கள்.